காலைக் கயிறு, மத்தியானக் கயிறு

சோதனைப் பிரிவில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை சாம்பிள் எடுத்தால் போதும் ஐயா?" என்பதுதான். எங்கே எடுக்க வேண்டும் என்று இதுவரை ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் சமைக்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறிய பிறகுதான் அந்த ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். கிளறுகிற சங்கதியைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. நாமும் வசதியாக மறந்துவிட்டோம்.

நீங்கள் இரும்பைச் சோதிக்கலாம், ரப்பரைச் சோதிக்கலாம். நான் சோதித்தது கயிறு. இரண்டாம் உலகச் சண்டை நடந்த காலத்தில் அரூருக்கு வெளியே ஒரு கயிற்றுப் பட்டறையில் வேலை பார்த்தேன். என் சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. அதற்கு முன் சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எடுபிடியாக இருந்து கொஞ்சம் வேலை கற்றிருந்தேன். சென்னையில் குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டியபோது நானும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். வீரமாக வந்து சேர்ந்தவன் என்று யாரும் என்னைப் பற்றி நினைக்க வேண்டாம்.

பட்டறை முதலாளியை எல்லாரும் கரீம் பாய் என்றுதான் சொல்வோம். கப்பலில் வந்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கயிறு சண்டையால் நின்றுபோனதும், மில்ட்ரிக்காரர்கள் கூடாரம் கட்டவும் மூட்டை இறுக்கவும் நம் ஊர்க் கயிற்றைத் தேடி வந்தார்கள். தண்டவாளத்து ஓரத்திலும் வரப்பிலும் சும்மா கிடந்த, நார் உரிக்கிற ரயில் கத்தாழைக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. கரீம் பாய்க்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் மில்ட்ரிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தினமும் செய்யும் கயிற்றை எடை தொங்கவிட்டுச் சோதித்து ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் என்னை வைத்துக்கொண்டார்.

சோதனை எப்படிச் செய்தோம் என்று விவரித்து உங்கள் பொழுதைப் போக்க மாட்டேன். மேலே கொக்கி, கீழே தட்டு, நடுவில் கயிற்றுத் துண்டு. தட்டில் எடைக்கல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். எந்த எடையில் அறுகிறதோ அதை எழுத வேண்டும். இதைச் செய்ய ஒருவனுக்கு மூளை தேவையில்லை. காலில் எடைக்கல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கயிறு திரிக்கும் இடத்தைத் தடம் என்பார்கள். ஒரு முனையில் ஒருவர் ராட்டையைச் சுற்றுவார். திரிக்கிறவர் ஊறவைத்த நாரை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபடியே பின்னோக்கி நடந்துகொண்டு போவார். அதனால் தடம் நீளமாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இருந்தது ஒரே தடம். மரம் இருந்தால் சருகு விழுந்து கயிற்றில் சிக்கும் என்று ஓரத்தில் இருந்த புங்கமரங்களையும் வெட்டிவிட்டிருந்தார்கள். ஆட்கள் மட்டும் இரண்டு கோஷ்டி. விடியற்காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை மாதையன் மேஸ்திரியின் ஆட்கள் திரிப்பார்கள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை சடையனின் ஆட்கள்.

மாதையன் மேஸ்திரி அந்தப் பக்கத்திலேயே பேர்போன கயிற்றுக்காரர். அவருக்குக் கைராசி என்று ஒரு பெயர் இருந்தது. புதுக் கிணற்றுக்கு முதல் வடம் அவர் கையால் திரித்துத்தான் வாங்குவார்கள். நல்ல மனிதர், வாய் மட்டும் நீளம். சடையன் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்தவர். மலையில் சாமை விளையாமல் போன ஒரு வருஷத்தில் வந்து, நார் சிக்கெடுக்கும் வேலையில் சேர்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு கோஷ்டியையே நடத்துகிற அளவுக்குத் தேறியிருந்தார். அதிகம் பேச மாட்டார். வெயில் நேரம் அவருக்கு என்று ஒதுக்கியதுகூட யாரும் உட்கார்ந்து தீர்மானித்ததல்ல. பெரியவர் காலையில் வருவார், வந்தேறி மத்தியானம் வருவார், அவ்வளவுதான். எந்தக் கயிறு யாருடையது என்று தெரிய, திரிக்கும்போதே உள்ளே ஒரு சாய நூலைச் சேர்த்துவிடுவார்கள். மேஸ்திரிக்குச் சிவப்பு நூல், சடையனுக்கு நீலம்.

ஒரு பங்குனி மாதம், பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் கிணறு வெட்டுகிற இடத்தில் எங்கள் கயிறு அறுந்துபோனது. கல் நிரம்பிய கூடை மேலே வந்துகொண்டிருந்தபோது பாதியில் அறுந்து, கீழே நின்ற ஆளின் தொடையில் விழுந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு நேராக நடக்கவில்லை. அறுந்த கயிற்றை எடுத்துக்கொண்டு அவருடைய அண்ணன் பட்டறைக்கு வந்து, கரீம் பாய் மேசைமேல் அதை வைத்தார். கயிற்றின் முறுக்கைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே நீல நூல்.

அந்த ஆளுக்கு வைத்தியச் செலவைக் கரீம் பாய் ஏற்றுக்கொண்டார். அண்ணனை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நம்ம டெஸ்ட்டுல ஒரு நாளாவது கயிறு கொறஞ்ச எடைக்கு அறுந்திருக்குதா?"

"இல்லீங்க பாய். எல்லா நாளும் கேட்டதுக்கு மேலேயே தாங்கியிருக்குது."

"அப்ப நாரும் நல்லது, தொழிலும் நல்லது. டெஸ்ட்டுக்கு அப்பறம் எவனோ வேல காட்டியிருக்கான்."

அதாவது, சடையன் நல்ல நாரை வெளியே விற்றுவிட்டு, மக்கிப்போன நாரைச் சேர்த்துத் திரித்திருக்கிறார் என்பது அவர் முடிவு. அவர் கெட்டவர் அல்ல. என் சோதனைக் கணக்கை நம்பினார், அதுதான் வினை. எல்லாக் கயிறும் நல்ல கயிறு என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நல்ல கயிறு தானாக அறுந்துபோகாது. ஆகவே திருட்டு. கணக்கு எவ்வளவு சுத்தமாக வருகிறது பாருங்கள்.

சடையனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் ஒன்னும் பண்ணலீங்க" என்றார். மேஸ்திரிதான் வழி சொன்னார். "அப்ப கோயில்ல கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணிடு. முடிஞ்சுது வழக்கு." அந்தப் பக்கத்தில் அதுதான் நியாயம். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சடையன் முடியாது என்றுவிட்டார். "எங்க மலையில, உண்மையாவே இருந்தாலும் சத்தியத்துக்குக் கை நீட்ட மாட்டாங்க. அது கொழந்தைங்கள வந்து புடிக்கும்."

மேஸ்திரி கையை விரித்தார். கூடியிருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மடியில் கனமில்லை என்றால் வழியில் என்ன பயம் என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. கரீம் பாய், "அடுத்த சந்த வரைக்கும் டைம் தர்றன். சத்தியம் பண்ணு, இல்ல வேலய விட்டுப் போ" என்று சொல்லி அவரை நிறுத்திவைத்தார். சித்தேரி ஜனங்கள் சந்தைக்குக் கடுக்காயும் புளியும் கொண்டு இறங்கி வருவார்கள். சந்தையில் விழுந்த பேச்சு அன்று சாயந்திரமே மலை ஏறிவிடும். திருடன் என்ற பெயர் ஏறிவிட்டால் சடையனுக்குக் கீழேயும் வேலை இல்லை, மேலேயும் இடமில்லை.

எனக்கு அவர் திருடர் இல்லை என்று தெரிந்திருந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது. என் கவலை என் சோதனையைப் பற்றியது. தினமும் பார்க்கிறேன், தினமும் நல்ல கயிறு. வெளியே போனால் அறுகிறது. திருட்டு என்றாலும் ஒரு தடவையாவது என் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டாமா?

மறுநாள் காலை வழக்கம்போல மேஸ்திரி சோதனைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். துண்டின்மேல் குங்குமம் அப்பியிருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கும். நான் அதை மாட்டினேன், எடை ஏற்றினேன், நல்லபடியாகத் தாங்கி நல்லபடியாக அறுந்தது. அறுந்த முனைகளை மூலையில் எறிந்தேன். கொட்டகை மூலையில் பழைய அறுந்த துண்டுகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பெருக்குகிற அம்மாள் அடுப்பெரிக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார், நான் தருகிறேன் தருகிறேன் என்று சோம்பேறித்தனத்தில் விட்டுவைத்திருந்தேன். அன்று எதற்கோ அந்தக் குவியலைப் பார்த்தேன். பிரிந்து கிடந்த முனைகளில் எல்லாம் சிவப்பு நூல். உட்கார்ந்து கிளறிப் பார்த்தேன். ஒரு நீல நூல்கூட இல்லை.

தடத்துக்கு ஓடினேன். மேஸ்திரி நாரைத் தட்டி உதறிக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, டெஸ்ட்டுக்குத் துண்ட எந்தக் கயித்துலருந்து எடுக்கறீங்க?"

"என்னா கேள்வி இது? மொதக் கயித்துலருந்துதான்."

"தெனமுமா?"

"தெனமுந்தான். வெளக்கேத்தி, சாமி கும்புட்டு, என் கையால ஒன்னு திரிப்பன். அதுல வெட்டித்தான் ஒங்களுக்கு."

"மத்த கயித்துல?"

மேஸ்திரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாமிக்கு வெக்கிற பழத்துல சொத்தையா பாத்து வெப்பாங்களா தம்பி? சர்க்கார் பாக்கறதுக்குப் போற துண்டு. இருக்கறதுல ஒசத்தியாத்தான் குடுக்கணும். அதான மரியாத?"

அவர் ஏமாற்றவில்லை. அவர் மனசில் அது நூற்றுக்கு நூறு மரியாதைதான். விருந்தாளிக்கு அடிப்பிடித்த சோற்றைப் போடுகிறவர்கள் நம்மில் உண்டா? சோதனை என்பதை அவர் விருந்து என்று எடுத்துக்கொண்டார். நானும் குங்குமம் அப்பிய துண்டை மாதக்கணக்காக வாங்கி மாட்டிக்கொண்டிருந்தேன், இது ஏன் தினமும் குங்குமத்தோடு வருகிறது என்று யோசிக்காமல். இத்தனை நாளும் நான் சோதித்தது பட்டறையின் கயிற்றை அல்ல, மாதையன் மேஸ்திரியின் காலை பூஜையை.

கரீம் பாயிடம் போய்ச் சொன்னேன். கிடங்கில் இருக்கும் கயிற்றில் கை போன இடத்தில் எடுத்து வெட்டிச் சோதிக்க வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. முழுக் கயிற்றை நடுவில் அறுத்தால் தொழில் அறுந்துபோகும் என்று அந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை. முஸ்லிமானாலும் அவரும் அந்த மண்ணில் கயிறு விற்று வளர்ந்தவர்தானே.

"பாய், அங்க ஒருத்தர் தொடையே ஒடஞ்சு கெடக்குறாரு. இதுக்கு மேல தொழில் எங்க அறுந்துபோவுது?" என்றேன். கொஞ்சம் துடுக்காகத்தான் சொன்னேன். அவர் கொத்துச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கிடங்கில் பழைய சரக்கு எல்லாம் மில்ட்ரிக்குப் போய்விட்டிருந்தது. இருந்ததெல்லாம் மாசி, பங்குனியில் திரித்தவை. சிவப்பிலும் நீலத்திலும் கண்ணை மூடிக்கொண்டு உருவி வெட்டினேன். சிவப்பு நன்றாகத் தாங்கியது. நீலம் ஒன்றன்பின் ஒன்றாகச் சீக்கிரமே அறுந்தது. நடுவில் ஒன்று, நான் எடைக்கல்லை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் அறுந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சடையனுக்கு உதவி செய்யப்போய், அவரைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது போல ஆகிவிட்டது. கரீம் பாய், "பாத்தீங்களா தம்பி, ஒங்க கையாலயே காட்டிட்டீங்க" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. மேஸ்திரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "நான் சொன்னா கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தைக்கு அதிக நாள் இல்லை.

சோதனைத் துறையில் இருப்பவனுக்கு மிகவும் ஆபத்தான நேரம் கணக்கு தெளிவாக வருகிற நேரம். கலங்கலாக இருந்தால் யோசிப்போம். தெளிவாக இருந்தால் அப்படியே எடுத்துக் குடித்துவிடுவோம். சிவப்பு கெட்டி, நீலம் மட்டம். இதைவிடத் தெளிவு வேண்டுமா? நானும் அதை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உச்சிவெயில்தான் என்னைத் தடுத்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்து தடத்தைக் குறுக்கே கடந்தேன். செருப்பு அறுந்துபோனதால் அன்று வெறுங்கால். நாலு எட்டு வைப்பதற்குள் உள்ளங்கால் பொத்துப்போகும் போலிருந்தது. துள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்து நின்றேன். இந்தத் தடத்தில்தான் சடையன் தினமும் பின்னால் நடக்கிறார் என்று நினைத்தேன். உடனே இன்னொன்றும் தோன்றியது. மேஸ்திரி இந்த நேரத்தில் இங்கே ஒரு நாளும் நடந்ததே இல்லை. சடையன் விடியற்காலையில் நடந்ததே இல்லை. நீலம் என்றால் சடையன் என்று நாங்கள் படிக்கிறோம். மத்தியானம் என்றும் படிக்கலாமே. என் கணக்கில் ஆளும் நேரமும் ஒரே முறுக்கில் கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் யார்மேல் குற்றம் என்று சொல்ல என்னால் முடியாது.

பிரிக்க ஒரே வழிதான் உண்டு. சடையன் காலையில் திரிக்க வேண்டும், மேஸ்திரி மத்தியானம் திரிக்க வேண்டும். சொல்வது சுலபம். சந்தேகத்தில் இருக்கிற ஆள் கையால் பட்டறையின் முதல் கயிறா? கைராசிக்காரரை வெயிலில் நிறுத்துவதா? கரீம் பாய், "மேஸ்திரி கோச்சிக்கிட்டுப் போயிட்டா, அவரோட எல்லாப் பேரும் போயிடுவாங்க தம்பி. அப்பறம் நான் மில்ட்ரிக்கு என்னாத்தக் குடுப்பன்?" என்றார். அதுவும் நியாயம்தான். "அவரே ஒத்துக்கிட்டா?" என்று கேட்டேன். "ஒத்துக்கிட்டா செய்யுங்க."

மேஸ்திரியிடம் நான் விளக்கம் சொல்லப் போகவில்லை. ஆளும் நேரமும், முறுக்கைப் பிரிப்பது என்றெல்லாம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருடைய ரோஷத்தைத்தான் பிடித்தேன்.

"மேஸ்திரி, ஊரே சொல்லுது, ஒங்க கைராசி காலம்பற மட்டுந்தான், மத்தியானம் அது செல்லாதுன்னு."

"எவன் சொன்னான்?"

"பேசிக்கிறாங்க."

"எங்கைக்கு வெயில் என்னா, நெலா என்னா? எப்பத் திரிச்சாலும் கயிறு கயிறுதான்."

"அப்ப ஒரு ரெண்டு நாளைக்கு மத்தியானம் திரிச்சுக் காட்டிடுங்களேன். வாய மூடிக்குவாங்க."

அப்படிப் பேசிக்கொண்டவர் யாரும் கிடையாது, நான்தான். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்படவில்லை.

சடையனைக் கூட்டிவருவதுதான் கஷ்டமாக இருந்தது. ஏரி வாய்க்கால் ஓரம் அவர் குடிசை. நான் போனபோது அவர் மனைவி பொன்னி பானை சட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். சடையன் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். காலையில் வந்து திரித்துக் காட்டுங்கள் என்று நான் சொன்னதும் பொன்னி என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி நாளா நெருப்புல நின்னு திரிச்சாரு. அப்ப ஒருத்தரும் வூட்டுப் பக்கம் எட்டிப் பாக்கல. இப்ப எதுக்கு வந்தீங்க? திரிச்சுக் காட்டி அது அறுந்துபோனா, அப்பறம் போலீசுக்குக் குடுப்பீங்களா?"

நான் உண்மையைச் சொன்னேன். "அறுந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா. அறுவாதுன்னும் என்னால சொல்ல முடியாது. ஆனா இப்பப் போயிட்டீங்கன்னா, திருடிட்டு ஓடிட்டாருன்னு கட்டாயம் சொல்லுவாங்க."

சடையன் கீற்றுக் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினார். பிறகு மனைவியிடம், "பானைய எறக்கி வை" என்றார்.

மறுநாள் விடியலில் தடத்தில் விளக்கேற்றியபோது மேஸ்திரியின் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். சடையன் சாமி கும்பிட்டுவிட்டு நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். அன்றும் அடுத்த நாளும் அவர் காலையில் திரித்தார், மேஸ்திரி மத்தியானம் திரித்தார். முதல் கயிறு, நடுக் கயிறு, கடைசிக் கயிறு என்று எல்லாவற்றிலும் துண்டு வெட்டிக்கொண்டேன். அன்றன்றே சோதிக்கச் சொல்லிக் கரீம் பாய் அவசரப்படுத்தினார். இரண்டு நாள் முடியட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் முடிவு தெரிந்துவிட்டால் மறுநாள் திரிக்கிற கை மாறிவிடும். மனிதர்கள் அப்படித்தான்.

பிறகு செய்த மாற்றங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் சொல்வதற்கு வேறு ஒன்று இருக்கிறது. தடத்தின் மேல் பந்தல் போட்டோம். ஊறவைத்த நாரை, திரிக்கும் நேரம்வரை ஈரச் சாக்கால் மூடி வைத்தோம். வாரத்துக்கு வாரம் காலை முறையும் மத்தியான முறையும் மாறின. முதல் கயிறு குங்குமத்தோடு சாமிக்கே போனது. சோதனைத் துண்டை இரண்டு கோஷ்டியிலும் நானே போய், கண்ணுக்கு நல்லது கெட்டது பார்க்காமல் எடுத்தேன். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை கயிறு அறுந்ததாக ஒரு புகாரும் வரவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். சோதனைக் கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கரீம் பாய் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி எனக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. நார் ஊறவைக்கிற பெண்கள் ஜன்னலோரம். சடையன் உள்ளே வரவில்லை, வாசல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். நீல நூல் கயிற்றை முதலில் மாட்டினேன். சடையன் காலையில் திரித்தது. எடை ஏற ஏறத் தாங்கியது. மேஸ்திரியின் காலைக் கயிறு தாங்கும் அளவைத் தொட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கி அறுந்தது. அடுத்து எடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

பிறகு சிவப்பு நூலை மாட்டினேன். மேஸ்திரி மத்தியானம் திரித்தது. பாதி எடையைத் தாண்டி இன்னும் இரண்டு கல் வைத்திருப்பேன். பட்டென்று அறுந்து தட்டு தரையில் மோதியது.

கொட்டகையே பேச ஆரம்பித்தது. "நாரு எங்க? நாரக் கொண்டாங்க பாக்கலாம்" என்றேன் நான். கரீம் பாய் ஸ்டூலை விட்டு எழுந்து அறுந்த முனையைத் தடவிப் பார்த்து, "வெயிலு கொஞ்சமாவா அடிச்சுது, பாவம், நாரெல்லாம் காஞ்சு கெடக்குது பாருங்க" என்றார். ஜன்னலோரம் இருந்த பெண், "விடியக் கருக்கல்ல நனைச்சதுங்க, மத்தியானத்துக்குள்ள மொறமொறன்னு ஆயிடும்" என்றார். மேஸ்திரி முகம் கறுத்து நின்றார். "எங்கையில ஒரு தப்பும் இல்ல" என்றார். தப்பு என்று யாருமே சொல்லவில்லை. நான் மத்தியானத்து நாரை எடுத்து விரலில் முறுக்கினேன். இழை இழையாகப் பொடிந்தது. அதே நாரை நனைத்துக் கொடுத்து மேஸ்திரியை அங்கேயே ஒரு முழம் திரிக்கச் சொன்னேன். கொக்கியில் மாட்டினேன். நன்றாகத் தாங்கியது. காரணம் கையில் வந்துவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

கரீம் பாய் வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார். "சடையா, ஒம்மேல ஒரு தப்பும் இல்லப்பா. எல்லாம் அந்த வெயிலு பண்ணுன வேல. நாளைக்கே வேலைக்கு வந்துடு."

சடையன் கம்பத்தை விட்டு நிமிர்ந்தார். உள்ளே வந்து, தரையில் கிடந்த சிவப்பு நூல் முனையைக் குனிந்து எடுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார். கோபமாகப் பேசவில்லை. விலை விசாரிக்கிற குரலில்தான் பேசினார்.

"வர்றனுங்க. வராம எங்க போவன்? ஆனா ஒன்னுங்க. அவுரு கயிறு அறுந்துச்சு, எல்லாரும் ஓடி நாரத் தொட்டுப் பாத்தீங்க. என் கயிறு அறுந்துச்சு, என்னக் கற்பூரம் ஏத்தச் சொன்னீங்க."

நாரு எங்க என்று முதலில் கேட்டது நான்தான். கையிலிருந்த நாரை மேசையில், அந்தச் சிவப்பு நூல் முனைக்குப் பக்கத்தில் வைத்தேன்.